கோமுவின் பெயருக்கு வந்த தபால்

மேலப்பாளையம்,
12.6.2024

அன்புள்ள சாலோமிக்கு,

உன் ரைஹானத் எழுதுவது. இங்கு நலம். உன் நலத்துக்கும், விழுந்து கட்டிலோடு கிடக்கும் உன் மாமியார் எழுந்து நடக்கவும் துஆச் செய்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் பேசினால் நீ அழுவாய். நீ அழுதால் நான் கரைந்துபோவேன். கேட்க வந்ததைக் கேட்காமலே "சரிட்டி, விடு" என்று வைத்துவிடுவேன். பத்தாம் வகுப்பிலிருந்து நம் சண்டையெல்லாம் அப்படித்தான் முடிந்திருக்கிறது. இந்த விஷயம் தீரும்வரை உன் போனை எடுக்கமாட்டேன். எதுவானாலும் எழுது.

வீட்டை விற்பதென்று முடிவாகிவிட்டது. என் வீட்டுக்காரர் மவுத்தானதும் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல் நான் இத்தா இருந்தது இந்த வீட்டில்தான். இத்தா முடிந்த மறுநாளே மகன் இர்ஷாத் என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போனான், உனக்குத் தெரியும். ஒன்றரை வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டை, வாங்குகிறவர்களுக்குக் காட்டுவதற்காகப் போன வாரம் வந்து திறந்தேன். கதவு பாதியில் நின்றுகொண்டது. அடியில் ஒரே காகிதக் குப்பை. கரண்ட் பில், அவர் பெயருக்கு வந்த பழைய பத்திரிகைகள், கல்யாணப் பத்திரிகை. அவற்றோடு ஒரு பழுப்பு உறை. மேலே "கோமு, 27, கிழக்குப் பள்ளித் தெரு, மேலப்பாளையம், திருநெல்வேலி 627005" என்று இருக்கிறது. அது என் வீடு. கோமு யார்?

இதையாவது தபால்காரர் தவறு என்று விட்டிருப்பேன். சாயங்காலம் பக்கத்து வீட்டு மும்தாஜ் பேகம் மாமி வந்தார்கள். "ஒங்க வீட்டுல குடியிருந்த பொம்பள எங்கம்மா போயிட்டா?" என்று கேட்டார்கள். யாரும் குடியிருக்கவில்லையே என்றால் நம்பாமல் என் முகத்தைப் பார்க்கிறார்கள். வாங்க வந்தவர் காதுக்கும் அது போய், வாடகைக்கு ஆள் இருக்கிறதா என்று அவருடைய வக்கீல் கேட்கிறார். இர்ஷாத் சென்னையிலிருந்து கத்துகிறான்.

என் வீட்டைத் தன் வீடு என்று நினைக்கிற ஆள் உலகத்தில் ஒருத்திதான். யாரோ ஒரு பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் சீட்டுப் போட விலாசம் வேண்டும் என்று ஒரு தடவை கேட்டாய். ஒரு ஆளுக்கு என்றுதான் சரி சொன்னேன். உள்ளதை எழுது.

உன்
ரைஹானத்

---

சாத்தான்குளம்,
17.6.2024

அன்புள்ள ரைஹானாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நலம். அத்தைக்கு இப்போது ஒரு கை பிடித்தால் உட்காரும் அளவுக்கு வந்திருக்கிறது. உன் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்தபோது யாரோ இறந்த சேதி என்று பயந்துவிட்டேன். இந்தக் காலத்தில் கையெழுத்தில் கடிதம் வந்தால் வேறு எதை நினைப்பது?

நீ கோபப்படுவது நியாயம். ஒரு ஆளுக்கு என்று கேட்டுவிட்டு உன் விலாசத்தைப் பதினோரு பேருக்குக் கொடுத்தேன். எண்ணித்தான் சொல்கிறேன், பதினோரு பேர்.

புதன்கிழமை மதியங்களில் ஜங்ஷன் பக்கத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்த கிளினிக் உனக்கு நினைவிருக்கும். ரயில் நிலையத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் படுக்கிற பெண்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் நடத்தியது. நான் நர்சு, வியாழக்கிழமை ஒரு டாக்டரம்மா. வெள்ளைப்படுதல், மாதவிலக்குக் கோளாறு, வேண்டாத கர்ப்பம், கட்டின துணி காயாமல் மறுபடி கட்டி வருகிற புண். எங்களால் முடிந்ததை அங்கேயே பார்ப்போம். முடியாததைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். அங்கே சீட்டுப் போடும் இடத்தில் முதல் கேள்வி பெயர், இரண்டாவது விலாசம். "ஜங்ஷன், மூன்றாம் பிளாட்பாரம்" என்று ஒருத்தி சொன்னாள். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் திரும்பிப் போனவள்தான். அதற்குப் பிறகு ஒவ்வொருத்திக்கும் உன் வீட்டு விலாசத்தையும் பழைய போன் நம்பரையும் மனப்பாடம் செய்து கொடுத்துத்தான் அனுப்புவேன். தடுமாறினால் சந்தேகப்படுவார்கள் என்று பின்கோடு வரை ஒப்பிக்க வைப்பேன். மேலப்பாளையம் என்றால் யாரும் மேலே கேட்கவில்லை. நீ வீட்டில் இருந்தவரை அங்கிருந்து எது வந்தாலும் நீ எனக்குச் சொல்லிவிடுவாய் என்ற தைரியம்.

கோமு அதில் ஒருத்தி. அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர். புருஷன் துரத்திவிட்டான். முப்பத்திநாலு வயசு இருக்கும். மூன்று மாதக் கர்ப்பத்தோடு வந்தாள். யாருடையது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. "இத எடுத்துருங்கக்கா. இனிமே உண்டாகாமயும் ஏதாச்சும் பண்ணிருங்க. மத்தத நான் தாங்கிக்கிடுதேன்" என்றாள். ஆஸ்பத்திரியில் கலைத்து, அன்றே காப்பர்-டி போட்டு அனுப்பினார்கள்.

அந்த உறை பிரிக்காமல்தானே இருக்கிறது? மேலே என்ன தேதி? அப்படியே இன்னொரு உறைக்குள் வைத்து எனக்கு அனுப்பிவிடு. நீ ஒன்றும் செய்ய வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன். இர்ஷாத்திடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சாலோமி

---

மேலப்பாளையம்,
22.6.2024

சாலோமிக்கு,

பிரிக்காமல் அனுப்பு என்று நீ எழுதியதும் பிரித்துவிட்டேன். முத்திரையில் தேதி 3.3.2023.

கோமு என்பவரின் கர்ப்பப்பை வாயில் எடுத்த சதைப் பரிசோதனையில் புற்றுநோய் ஆரம்ப நிலையில் தெரிகிறது, போனில் தொடர்புகொள்ள முடியவில்லை, உடனே வெளிநோயாளிகள் பிரிவுக்கு வரவும். இவ்வளவுதான் எழுதியிருக்கிறது. உடனே என்ற சொல்லுக்கு அடியில் யாரோ பேனாவால் கோடு போட்டிருக்கிறார்கள். என் பழைய நம்பரை நான் விட்டே இரண்டு வருஷம் ஆகிறது. பதினைந்து மாதம் இந்தக் காகிதம் என் கதவுக்கு உள்ளே கிடந்திருக்கிறது, சாலோமி.

மும்தாஜ் மாமியை உட்காரவைத்து முழுவதும் கேட்டேன். போன வருஷம் பங்குனி வெயிலில் ஒரு பெண் வந்தாளாம். நம்பரைப் பார்த்துப் பார்த்து நடந்து வந்து, நம் வீட்டு வாசலில் நின்று, பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாளாம். யாரும்மா என்று மாமி கேட்டதற்கு, "இதான் என் விலாசம்" என்றாளாம். பிறகு வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள் வருவாள். படியைக் கூட்டுவாள். கதவில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். மத்தியானம் எழுந்து போய்விடுவாள். ஒரு நாளும் பிச்சை கேட்டதில்லை. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்திருக்கிறாள். "நீ வாடகைக்கு விட்டுட்டு சாவியக் குடுக்க மறந்துட்டியோன்னு நெனச்சேன்" என்கிறார்கள் மாமி. இந்தத் தை மாதத்துக்குப் பிறகு வரவில்லையாம்.

கதவைப் போய்ப் பார்த்தேன். உட்கார்ந்தால் தலை படுகிற உயரத்தில், பச்சைப் பெயிண்டில் கையகலத்துக்கு எண்ணெய்க் கறை. எத்தனை நாள் சாய்ந்திருந்தால் பெயிண்டில் எண்ணெய் ஊறும்? அதற்கு நேர் உள்பக்கம்தான் இந்த உறை கிடந்தது. நடுவில் ஒரு இன்ச் பலகை.

பெயிண்ட் அடிக்க ஆள் வந்தான். கதவை மட்டும் தொடாதே என்று திருப்பி அனுப்பிவிட்டேன். மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டுப் படுத்தால் வாசலில் விளக்குமாறு சத்தம் கேட்கிறது. எழுந்து போய்த் திறந்தால் யாரும் இல்லை, தெருவில் வெயில்தான் அடிக்கிறது. நேற்று அந்தச் சத்தம் கேட்டதும் திறக்கவில்லை. கதவில் முதுகைச் சாய்த்து உள்ளே உட்கார்ந்துகொண்டேன். அந்தப் பக்கம் அவள் இருக்கிற மாதிரியே இருந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது. பேய் பிசாசுப் பயம் இல்லை, அவள் உயிரோடு இருக்கிறாளா என்ற பயம்.

அவள் இப்போது எங்கே? நீ பார்த்துக்கொள்வாய் என்றால் சாத்தான்குளத்திலிருந்து எப்படிப் பார்த்துக்கொள்வாய்?

ரைஹானத்

---

சாத்தான்குளம்,
26.6.2024

ரைஹானா,

உன் கடிதத்தை வாசித்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. அத்தைக்குக் கஞ்சி கொடுக்க மறந்து, அவர்கள் கூப்பிட்ட பிறகுதான் அடுப்பைப் பார்த்தேன்.

அவளைத் தேட வேண்டுமானால் போலீஸிடம் போகாதே. அவர்களைக் கண்டால் இந்தப் பெண்கள் இடத்தை மாற்றிவிடுவார்கள். ஜங்ஷன் பக்கத்துக் கட்டணக் கழிப்பறையில் இசக்கியம்மாள் என்று ஒரு அம்மா மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். தெருவில் இருக்கிற ஒரு பெண் எங்கே போனாலும் அங்கே போகாமல் இருக்க முடியாது. மாதவிலக்காகித் தூரமான நாளில் மட்டும் அந்த அம்மா காசு வாங்கமாட்டார்கள். யாருக்கு நாள் தள்ளியிருக்கிறது, யாருக்கு நிற்காமல் போகிறது என்று என் நோட்டை விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். என் பெயரைச் சொல்.

நான் வந்திருக்க வேண்டும். அத்தையைத் தூக்கி வைக்க இங்கே வேறு ஆள் இல்லை.

சதையை எடுத்து அனுப்பிய இரண்டாவது வாரமே பணம் நின்றுவிட்டது என்று கிளினிக்கை மூடிவிட்டார்கள். முடிவு வரும் முன்பே நான் இங்கே வந்துவிட்டேன். அடுத்து வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அடுத்து யாரும் வரவில்லை என்பது உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிகிறது. முடிவு வந்தால்தானே யாருக்கும் தெரியும்? முன்கூட்டி யாருக்குத் தெரிந்திருக்க முடியும்?

அவள் கிடைத்தால் உடனே எழுது.

சாலோமி

---

மேலப்பாளையம்,
14.7.2024

அன்புள்ள சாலோமிக்கு,

அல்ஹம்துலில்லாஹ், கோமு உயிரோடு இருக்கிறாள்.

இசக்கியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். உன் பெயரைச் சொன்னதும் முகம் மாறியது. "தையோட போயிட்டா. ஸ்ரீவைகுண்டத்துல வாழத்தார் சொமக்கப் போறேன்னா. அப்பவே மாசத்துல இருவது நாளு போயிட்டுக் கெடந்துச்சு" என்றார்கள். பஸ் ஏறி ஸ்ரீவைகுண்டம் போனேன். மூன்று நாள் போய்ப் போய் வந்தேன். அணைக்கட்டுப் பக்கம் வாழைத் தோட்டத்தில் வேலை செய்கிற பெண்கள், ஆற்றோரத்து மண்டபத்தைக் காட்டினார்கள். வேலைக்குப் போக முடியாமல் ஒரு மாதமாக அங்கேதான் படுக்கையாம். கிட்டே போகவே வாடை அடித்தது. அந்த வாடை உனக்குத் தெரிந்திருக்கும், நான் எழுதவில்லை.

நீதான் கோமுவா என்று கேட்டேன். இருபத்தேழாம் நம்பர் வீட்டிலிருந்து வருகிறேன் என்றேன். அந்த உடம்போடு சுவரைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டாள். "உள்ள ஒண்ணும் வரலக்கா. வாசல்லதான் இருந்தேன். வேணும்னா அக்கம்பக்கத்துல கேட்டுப் பாருங்க" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ அழுவாய் என்று உனக்குக் கடிதம் எழுதுகிறவள், ஆற்றங்கரையில் நின்று அழுதேன்.

ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும்போது விலாசம் கேட்டார்கள். நான் வாயைத் திறக்கும் முன் அவளே பின்கோடு வரை ஒப்பித்தாள். கூட வந்தவர் என்ன உறவு என்றார்கள். ஒரே வீடு என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

நோய் முற்றியிருக்கிறது. ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டதாம். காப்பர்-டியை எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு, அதுதான் கரண்ட், வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் சின்ன வைத்தியத்தில் போயிருக்கும் என்று டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார்கள். நான்தான் அவளைக் கவனிக்காமல் விட்ட அக்கா என்று நினைத்துவிட்டார்கள். மறுத்துச் சொல்லத் தோன்றவில்லை.

வீடு பதிவு செய்வதை ஆவணிக்குத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டேன். இர்ஷாத்துக்குக் கோபம். இருக்கட்டும். காலையும் மாலையும் அவளுக்குச் சோறு கொண்டுபோகிறேன். மீன் கேட்டாள், கொடுத்தேன். வாசனைக்கு ஒரு வாய்தான் சாப்பிட்டாள்.

உன்னைப் பற்றி நிறையப் பேசுகிறாள். நீதான் அவளைத் தொட்டுப் பேசிய முதல் ஆளாம். கையை முதலில் வெந்நீரில் சூடு பண்ணிவிட்டுத்தான் சோதிப்பாயாமே? ஆனால் ஒன்று கேட்டாள், அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை. "சாலோமி அக்கா அன்னைக்கு என்னத்தக்கா பாத்தாங்க?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். நீ சொல்.

உன்
ரைஹானத்

---

சாத்தான்குளம்,
20.7.2024

ரைஹானா,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நீ போனில் கேட்டிருந்தால் அழுதே தப்பித்திருப்பேன். என்னை நீ சரியாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறாய்.

முன்கூட்டி யாருக்குத் தெரிந்திருக்க முடியும் என்று எழுதினேனே, அது பொய். எனக்குத் தெரியும்.

அந்தச் சோதனை ரொம்பச் சின்னது. காடி, அதுதான் வினிகர், மாதிரி ஒரு மருந்தைப் பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்க்க வேண்டும். நல்ல இடம் சிவப்பாகவே இருக்கும். கெட்ட இடம் வெளுக்கும். கருக்கலைப்பு முடிந்து ஆறாவது வாரம் கோமு வந்தபோது தடவிப் பார்த்தேன். பாலாடை படிந்த மாதிரி வெளுத்தது. இருபது வருஷம் பார்த்த கண், தப்பாது. மறுநாள் டாக்டரம்மாவிடம் காட்டிச் சதை எடுக்கவைத்தேன்.

"என்னக்கா, எப்படி இருக்கு?" என்று படுத்தபடியே கேட்டாள். "எல்லாம் நல்லா இருக்கு. சும்மா ஒரு டெஸ்ட்டு, கடுதாசி வரும்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்பாய். அது அங்கே நானே வைத்துக்கொண்ட வழக்கம். ஆரம்பத்தில் ஒரு பெண்ணுக்கு இருப்பதை இருப்பதாகச் சொன்னேன். பால்வினை நோய் என்றதும் எழுந்தாள், போனாள். பிறகு ஊரிலேயே அவளைக் காணவில்லை. அதிலிருந்து தெருப் பெண்களிடம் முதல் நாளே கெட்டதைச் சொல்லக் கூடாது, சொன்னால் ஓடிவிடுவார்கள், நல்லது சொல்லி இரண்டாம் தடவை வரவைத்துவிட்டு அப்புறம் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். எனக்குக் கீழே வேலைக்கு வந்தவர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். வீடு வாசல் உள்ளவளாக இருந்தால் அன்றைக்கே உட்காரவைத்துச் சொல்லியிருப்பேன். ஓடமாட்டாள் என்று நம்பியிருப்பேன். இவளை நம்பவில்லை. தொட்டுப் பேசினேன், வெந்நீரில் கையைச் சூடு பண்ணினேன், நம்ப மட்டும் இல்லை.

இரண்டாம் தடவை வருவதற்குள் கிளினிக்கே இல்லை.

இங்கே காலையில் காப்பியில் ஆடை படிந்தால் என்னால் குடிக்க முடிவதில்லை. இத்தனை நாளாக அத்தை கேட்கிறார்கள், வயிற்றில் ஏதும் கோளாறோ என்று. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வெள்ளைத் துணி விரித்த மேசையைப் பார்த்து எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இன்னும் இருக்கிறது. வெளுத்தது கோமுவுக்கு மட்டும் இல்லை. கிளினிக் நடந்த கடைசிப் புதனில் மாடத்தி, பூரணம் என்று இரண்டு பேருக்கும் வெளுத்தது. அவர்களுக்குச் சதையே எடுக்கவில்லை. எல்லாம் நல்லா இருக்கு, அடுத்த வாரம் வாங்க என்று சொல்லி அனுப்பினேன்.

கோமுவிடம் இதை நீ சொல்ல வேண்டாம். நானே வந்து சொல்வேன். கொஞ்சம் பொறு. அத்தைக்கு ஆள் பார்த்துவிட்டு வருகிறேன்.

சாலோமி

---

மேலப்பாளையம்,
8.8.2024

சாலோமிக்கு,

பத்தொன்பது நாள் பொறுத்தேன். நீ வரவில்லை. உன் அத்தைக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். கோமு தினமும் கேட்டாள். நேற்று கரண்ட் வைத்துவிட்டு வந்து வாந்தி எடுத்து ஓய்ந்து கிடந்தாள். "அவங்க எழுதுனாங்களாக்கா?" என்றாள். என் பையில் உன் கடிதம் இருந்தது. எடுத்து முழுவதும் வாசித்துக் காட்டிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தேன். அதற்காக மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

அவள் திட்டவில்லை. பக்கத்துக் கட்டில்காரிக்கு வந்த பிள்ளைகள் போகும்வரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிறகு சொன்னாள்: "எனக்குத் தெரியும்க்கா. நல்லா இருக்குன்னு சொல்லும்போது அவங்க கை என் தொடைமேல இருந்துச்சு. நடுங்கிச்சு. நல்லா இருந்தா கை என்னத்துக்கு நடுங்கும்?"

அதற்காகத்தான் வந்திருக்கிறாள், சாலோமி. வீட்டைச் சொந்தம் கொண்டாட வரவில்லை. கடுதாசி வரும் என்று நீ சொன்னாய். உன் கை நடுங்கியதற்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கடுதாசியில் இருக்கும் என்று தபால்காரரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், எழுத்துக்கூட்டி வாசிப்பாள். கிளினிக்குக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள், பூட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறாள், கடுதாசி இருந்தால் கொண்டு வா என்றார்களாம். மறுபடியும் என் வாசலுக்கு வந்திருக்கிறாள். அவள் முதல் நாள் வருவதற்கு முன்பே அது கதவு இடுக்கு வழியே உள்ளே போய்விட்டது. பத்து மாதம் வந்தாள். பதினோராம் மாதம் பிழைப்புக்கு ஸ்ரீவைகுண்டம் போய்விட்டாள்.

யாரும் ஓடவில்லை. ஓடியது நீ.

இதை எழுதிவிட்டுக் கிழிக்கப் போனேன், கிழிக்கவில்லை. உன்மேல் இருக்கிற பிரியம் குறையவும் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

உன்னை வரச்சொல்லவா என்று கேட்டேன். நான் எதிர்பார்க்காததைச் சொன்னாள். அவள் வாயால் சொன்னபடியே எழுதுகிறேன்: "வேண்டாம்க்கா. மாடத்தியும் பூரணமும் ஜங்ஷன்ல எங்கூடப் படுத்தவளுவ. மொதல்ல அவளுவளத் தேடச் சொல்லுங்க. தேடி, மூஞ்சியப் பாத்து, இதான் இருக்குன்னு சொல்லச் சொல்லுங்க. ரெண்டு பேருட்டயும் சொல்லிட்டு அப்புறமா எங்கிட்ட வரட்டும்."

எத்தனை நாள் இருப்பாள் என்று டாக்டர்கள் சொல்லவில்லை. இதற்கு மேல் தாமதிக்காதே.

ரைஹானத்

---

திருநெல்வேலி ஜங்ஷன்,
21.8.2024

அன்புள்ள ரைஹானா,

உன் கடிதம் வந்த அன்று மாலையே அத்தையைக் கொழுந்தன் வீட்டில் விட்டுவிட்டுப் புறப்பட்டேன். பத்து நாளாக இங்கே ஒரு லாட்ஜில் இருக்கிறேன். உன் வீட்டுக்கு ஆட்டோவில் கால் மணி நேரம்தான். ஆஸ்பத்திரி அதை விடப் பக்கம். இரண்டுக்கும் வரவில்லை. கோமு சொன்னது முடியாமல் வரக் கூடாது என்று இருந்தேன்.

மாடத்தியை ஐந்தாம் நாள் கண்டேன். வண்ணார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், நாளைக்கு வந்து சொல்வோமா என்று ஒரு நிமிஷம் என் புத்தி போனது. உன்னிடம் மறைக்காமல் எழுதுகிறேன், போனது. பிறகு சோப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் அவளோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்குப் பார்த்ததையும், பொய் சொன்னதையும் சொன்னேன்.

அவள் ஓடவில்லை, ரைஹானா. கையைச் சேலையில் துடைத்துவிட்டு, "எந்த பஸ்ஸுல போணும்?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். மறுநாள் ஏழு மணிக்கு நான் சொன்ன இடத்துக்கு எனக்கு முன்பே வந்து நின்றாள். சதை எடுத்திருக்கிறார்கள். முடிவு வாங்க நானே கூடப் போவேன். சீட்டில் விலாசத்துக்கு நேராக என் பெயரையும் சாத்தான்குளம் வீட்டையும் எழுதினேன்.

பூரணத்தைப் பற்றி இசக்கியம்மாள்தான் சொன்னார்கள். நான் நம்பாமல் இன்னும் நான்கு இடத்தில் விசாரித்தேன். எல்லாரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். மாசி மாதம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இறந்து கிடந்திருக்கிறாள். ஒரு வாரமாக வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். அதே நோய்தானா, வேறேதுமா, எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை. மாநகராட்சிக்காரர்கள் எடுத்து அடக்கம் செய்திருக்கிறார்கள். எந்த இடம் என்று கேட்டேன். அன்றைக்கு நான்கைந்து பேர் என்றார்கள்.

அவளிடம் இனி நான் சொல்ல முடியாது. கோமு இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டு வரச் சொன்னாள். ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை முழுவதும் கோமுவிடம் வாசித்துக் காட்டு. பூரணத்தின் சேதியையும் விடாதே, அவளுடைய சிநேகிதி. நான் வரலாமா என்று கேள். இந்த மாதக் கடைசி வரை இதே லாட்ஜில்தான் இருப்பேன், உறையின் மேல் விலாசம் இருக்கிறது. அவள் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம் என்றே எழுது. என்மேல் இரக்கப்பட்டு ஒரு சொல்லைக்கூட மாற்றாதே.

உன்
சாலோமி